தாம்பூலக் கொய்யா

வேலை முடிந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால், இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பை உட்கார்ந்திருந்தது. வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தது. தொட்டதுமே தெரிந்துவிட்டது, உள்ளே ஈர மண். என் கணவரின் அக்கா மத்தியானம் வந்து, பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, இதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரை நான் அண்ணி என்பேன். திருக்கழுக்குன்றத்திலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் கொய்யா நர்சரி வைத்திருக்கிறார். கையைக்கூடக் கழுவாமல் போன் போட்டேன்.

"அண்ணி, சாப்பாடு வைக்கிற இடத்துல மண்ணைக் கொண்டுவந்து வச்சிருக்கீங்களே, நியாயமா?"

"வெளில வச்சா வேரு காஞ்சிடும்னு நீதானேம்மே அன்னிக்கி சொன்னே. கன்னு வேரெல்லாம் முடிச்சு முடிச்சா கீது. இன்னா புழுன்னு பாத்து சொல்லு. வியாழக்கெழம லாரி வருது."

லாரி என்றதும் கோபம் போய்விட்டது. அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்தது.

நான் சுபாவத்திலேயே பயந்தாங்கொள்ளி. கேஸ் மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கித் திரும்பி வந்தவள். அணுபுரம் குடியிருப்பில் எங்கள் தெருவுக்கே இது தெரியும், பிள்ளைகள்கூடக் கேலி பண்ணும். ஆனால் வேலை விஷயத்தில் என் பயம் வீண் பயம் இல்லை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பரிசோதனைக் கூடத்தில் செடிகளின் வேரைத் தின்னும் நூற்புழுக்களை இனம் பார்ப்பதுதான் என் பிழைப்பு. வேருக்குள் புகுந்து முடிச்சுப் போட வைக்கிற புழுவில் இந்தப் பக்கம் நாங்கள் அதிகம் பார்ப்பது ஒன்று, தக்காளி, கத்தரி, வெண்டை என்று எதையும் விடாது. அதை லேபில் 'சாதா' என்போம். வேப்பம் புண்ணாக்கு, உயிர் மருந்து என்று எதையாவது போட்டு அதோடு குடித்தனம் நடத்திவிடலாம். இன்னொன்று இருக்கிறது. அதை 'கொய்யாப் புழு' என்போம். அது இறங்கிய மண்ணில் கொய்யா இலை செம்பு நிறமாகி, மரம் நின்றபடியே காய்ந்துவிடும். மண்ணை விட்டுப் போகாது. நர்சரியில் அது இருந்தால் கன்று ஒன்றுகூட வெளியே போகக் கூடாது, அத்தனையையும் எரிக்க வேண்டும்.

தன் கணவர் இறந்த பிறகு அண்ணிக்கு அந்த நர்சரிதான் எல்லாம். மதுராந்தகம் பக்கம் யாரோ புதிதாகத் தோப்பு போடுகிறார், மொத்தக் கன்றும் அவருக்கென்று பேசி முடித்தாகிவிட்டது. சாதா என்றால் மருந்து ஊற்றித் தேற்றிக்கொள்ளலாம். மற்றது என்றால் அண்ணி நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும்.

பையைப் பின்வாசல் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பிரித்தேன். வேர் முழுக்க முடிச்சு. சாதாப் புழு போடுவது பெரும்பாலும் சின்னச் சின்னதாக இருக்கும். இது ஒன்றோடொன்று ஒட்டி, இஞ்சிக் கிழங்கு போலத் தடித்திருந்தது. முடிச்சின் அளவை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கணவர் வந்ததும் கதவருகிலேயே நிறுத்தி, "செருப்பை அங்கயே விடுங்க, அந்தப் பக்கம் போகாதீங்க" என்றேன். அவருக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. வேலை முடிந்து வெளியே வரும்போது ஒரு மிஷினில் கையையும் காலையும் வைத்துக் காட்டிவிட்டுத்தான் வர வேண்டும். கதிரியக்கத் தூசி ஒட்டியிருந்தால் கத்தும், இல்லையென்றால் போகலாம். "உன் புழுவுக்கும் அந்த மாரி ஒண்ணு வாங்கி வாசல்ல வச்சிடு, நிம்மதியா இருப்பே" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலையில் லேபுக்குக் கிளம்பும்போது, எங்கள் வீட்டுக் கொய்யா மரத்தடியில் மேலாகக் கிளறி, மெல்லிசான வேரில் கொஞ்சம் வெட்டி ஒரு தனிக் கவரில் போட்டுக்கொண்டேன். நல்ல வேர் ஒன்றும் கூட வேண்டும், ஒப்பிட. துணி துவைக்கிற தண்ணீர் பாய்ந்து பாய்ந்து அந்த மரம் பச்சைப்பசேலென்று நிற்கிறது, போன மாதம் முதல் காய் பிடித்திருந்தது. அதைவிட ஆரோக்கியமான கொய்யாவுக்கு நான் எங்கே போவேன்? பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கழுவிக்கூடப் பார்க்கவில்லை.

லேபுக்குத் தலைவர் ஒருவர் இருக்கிறார், நான் சார் என்பேன். அதிர்ந்து பேசாதவர். பையைப் பார்த்து, "உங்க சொந்தக்காரங்க குடுத்த சாம்பிளா? அப்ப நீங்க பாருங்க, நானும் பாக்கறேன். ரெண்டு பேரும் தனித்தனியாச் சொல்லுவோம்" என்றார். எங்கள் வழக்கம் அது. தெரிந்தவர் வீட்டு வேர் என்றால் ஒரு கண்ணை மட்டும் நம்புவதில்லை.

வேரைக் கழுவி, முடிச்சை ஊசியால் பிரித்தேன். உள்ளே பெண் புழு இருக்கும். பெயர்தான் புழு. வெள்ளையாக, உருண்டையாக, கசகசாவில் பாதி இருக்கும், நெளியாது. அதை நசுங்காமல் எடுத்து, பின்பக்கத் தோலை மட்டும் பிளேடால் நறுக்கி, உள்ளே இருப்பதைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். மைக்ராஸ்கோப்பில் அந்தத் தோலில் கட்டை விரல் ரேகை போலக் கோடுகள் தெரியும். சாதாவுக்கு மேல் வளைவு உயரமாக, சதுரம் தட்டியிருக்கும். கொய்யாப் புழுவுக்கு உருண்டு இருக்கும். படிக்கும்போது வெகு சுலபம். கண்ணாடியில் பார்க்கும்போது பாதி இப்படியும் இருக்கும், பாதி அப்படியும் இருக்கும்.

முதல் ரேகை சதுரமாகத்தான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. அடுத்தது உருண்டை. அதற்கடுத்தது எதிலும் சேராமல் இருந்தது. சதுரம், சதுரம் என்று மனசு அடித்துக்கொள்ள, நான் பார்க்கிற ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சதுரமாகிக்கொண்டே வந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம். புழுவைவிட என் கண்ணைக் கண்டு பயந்தேன். குஞ்சுப் புழுவின் வாலை அளந்து பார்த்தேன், அது நீளம் என்றது. நீளம் கொய்யாப் புழுவின் பக்கம் சாயும். திரும்ப அளந்தேன், கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"இன்னாம்மே, பாத்தியா? கன்னெல்லாம் கூடைல எட்த்து வச்சிக்கினு கீறேன். ஏத்தலாமா?"

"இன்னும் முடியல அண்ணி. நாளைக்கு மரபணு பாத்தாத்தான்..."

"அத்த உடு. கண்ணுல பாத்தா உனுக்கு இன்னா தோணுது? அத்தச் சொல்லு."

அண்ணியிடம் எனக்கு எப்போதுமே ஒரு பயம். கல்யாணமாகி வந்த புதிதில், தஞ்சாவூர்ப் பக்கத்து என் பேச்சை அந்த வீட்டில் எல்லோரும் கேலி பண்ணியபோது, "அவ பேச்சு அவுளுக்கு, உங்க வேலயப் பாருங்க" என்று ஒரு அதட்டில் அடக்கியவர் அவர்தான். நன்றியும் பயமும் கலந்த மரியாதை. அந்தக் குரலில் கேட்டதும் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"சாதா மாதிரி தெரியுது அண்ணி."

"அது போதும்" என்று வைத்துவிட்டார். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

சார் தன் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து முடித்து எழுந்தார். "எனக்கு உருண்டையாப் படுது. உங்களுக்கு?" என்றார். "சதுரம் சார், ஆனா உறுதியில்ல" என்றேன். "ரேகைய வச்சு சத்தியம் பண்ண முடியாதும்மா. நாளைக்கு மிஷின்ல பாப்போம்" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. புழுக்களை நசுக்கி மரபணுவைக் கரைசலில் எடுத்தோம். கொய்யாப் புழுவிடம் மட்டுமே இருக்கிற ஒரு துண்டைத் தேடிப் பிடித்து லட்சக்கணக்கில் பெருக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. துண்டு இருந்தால் பெருகும், இல்லாவிட்டால் ஒன்றும் இருக்காது. பெருகியதை ஜெல் என்கிற பாளத்தின் பள்ளங்களில் ஊற்றி, மின்சாரம் பாய்ச்சி, விளக்கில் பார்த்தால் கோடாக ஒளிரும். கண் விரும்பியதைப் பார்க்க அங்கே வழியில்லை. கோடு உண்டு, அல்லது கோடு இல்லை.

முதல் பள்ளத்தில் ஏற்கெனவே உறுதியான கொய்யாப் புழு. அதில் கோடு வந்தே ஆக வேண்டும். இரண்டாவதில் அண்ணியின் நர்சரிப் புழு. மூன்றாவதில் எங்கள் வீட்டுக் கொய்யாவின் நல்ல வேர். வெறும் வேர் எந்தக் கோடும் காட்டாது என்று நிரூபிக்கத்தான் அதை வைப்பது. நான்காவதில் வெறும் தண்ணீர். எங்கள் கையிலிருந்தோ குழாயிலிருந்தோ ஏதாவது கலந்திருந்தால் தண்ணீர் காட்டிக்கொடுத்துவிடும்.

விளக்கைப் போட்டார். முதலில் கோடு. இரண்டாவதில் கோடு. அண்ணியின் முகம்தான் கண்ணில் நின்றது. பிறகு சார், "இது என்னம்மா?" என்றார்.

மூன்றாவதிலும் கோடு இருந்தது.

"நல்ல வேர்ல எப்படி வரும்? ஊத்துற குழாயோட டிப்பை மாத்தினீங்களா? ஒண்ணுல விட்டத இன்னொண்ணுல விட்டுட்டீங்களா?"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நல்ல வேரே கோடு காட்டினால் நான் எங்கேயோ சொதப்பியிருக்கிறேன். நான் சொதப்பியிருந்தால் இந்தச் சோதனையே செல்லாது, அண்ணியின் கோடும் செல்லாது. என் வேலையில் தப்பு நடந்ததற்கு நான் இவ்வளவு மகிழ்ந்தது கிடையாது. "என் தப்புதான் சார், கை மாறியிருக்கும், திரும்பப் பண்ணிடறேன்" என்று படபடவென்று பேசினேன்.

சார் நான்காவது பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இருட்டாக இருந்தது.

"தண்ணி சுத்தமா இருக்கே" என்றார். "அந்தக் கொய்யா எங்க வாங்கினது?"

"வாங்கல சார். எங்க அண்ணி பொண்ணு கல்யாணத்துல தாம்பூலத்தோட குடுத்தது."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு குடுத்தீங்கம்மா. அம்மா வீட்டுத் தோட்டத்துல வச்சிருக்கேன்" என்றார்.

இப்போதெல்லாம் கல்யாணத்துக்குக் கல்யாணம் தாம்பூலப் பையோடு மரக்கன்றும் கொடுக்கிறார்கள். அண்ணிக்குச் சொந்த நர்சரி, கேட்க வேண்டுமா? மகள் கல்யாணத்துக்கு வந்த ஒருவரையும் வெறுங்கையோடு விடவில்லை. மண்டபத்து வாசலில் தேங்காய், வெற்றிலை பாக்கோடு ஆளுக்கொரு கொய்யாக் கன்று. எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தது நானும் என் கணவரும்தான். என் கணவரின் ஆபீஸ் ஆட்கள், எங்கள் தெருக்காரர்கள், சதுரங்கப்பட்டினத்திலிருந்து வந்த சொந்தம், மாமல்லபுரத்தில் ஓட்டல் வைத்திருக்கும் சம்பந்தி வீட்டு ஆட்கள் என்று ஒரு ஜில்லாவே வந்திருந்தது. சீர்த்தட்டைப் பிடிக்கிற மாதிரி அந்தக் கன்றுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். இந்தக் கல்யாணம் நடந்து இரண்டு மழை ஆகிவிட்டது.

வெயில் இறங்குமுன் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். களைக்கொத்தை எடுத்து மரத்தடியில் குத்தினேன். இந்தத் தடவை ஆழமாக. என் கணவர் வந்து பின்னால் நின்றது தெரிந்தது, திரும்பவில்லை. ஒரு முழ ஆழத்தில் வேரைப் பிடித்து இழுத்தேன். இஞ்சிக் கிழங்கு போலவே வந்தது. மேலே இலையெல்லாம் பச்சை, காயெல்லாம் கொழுகொழுவென்று தொங்குகிறது, கீழே இது. தண்ணீரும் எருவும் தாராளமாகக் கிடைத்ததால் மரம் இத்தனை நாள் காட்டிக்கொள்ளாமல் நின்றிருக்கிறது.

"நம்ம மரத்துலயா?" என்றார். குரலில் கேலி இல்லை. தன் செருப்பைக் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டிலிருந்த அத்தனை செருப்பையும் ஷூவையும் குழாயடிக்குக் கொண்டுவந்து, அடி மண்ணைக் குச்சியால் சுரண்டிச் சுரண்டிக் கழுவினார். நான் பயப்படுவதைப் பார்த்து அவர் சிரிப்பது எனக்குப் பழகிப்போனது. அவரும் சேர்ந்து பயந்தது அன்றைக்குத்தான்.

அண்ணி போனை எடுக்கவே இல்லை. வியாழக்கிழமை விடிந்ததும் பைக்கில் கிளம்பினோம். வழியெல்லாம் வீட்டு வாசல்களில் கொய்யா மரம் தெரிந்தது. இதுவுமா, இதுவுமா என்று பார்த்துக்கொண்டே போனேன்.

நர்சரி வாசலில் லாரி நின்றது. பாதிக் கன்று ஏறியாகிவிட்டது. அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடை தூக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மே, நாஸ்தா துன்னீங்களா? இன்னா ரெண்டு பேரும் பேயறஞ்ச மாரி கீறீங்க?"

"அண்ணி, ஏத்த வேணாம். அது சாதா இல்ல."

"சாதான்னு நீதானே சொன்னே."

"ரேகையப் பாத்துச் சொன்னேன். மிஷின்ல வேற வந்திருக்கு."

"தோ பாரு" என்று கூடையை இறக்கி வைத்தார். "உன் மிஷினும் நானும் சேந்தா வாழப்போறோம்? இத்த உட்டா எனுக்கு இன்னா கீது? நீ சாதான்னு எழுதிக் குடு. மருந்து ஊத்தித்தான் அனுப்பறேன். யாருக்குத் தெரியப்போவுது?"

கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். அக்கா முன்னால் அவர் எப்போதும் சின்னப் பிள்ளைதான். கடவுளே, எழுதிக் கொடுத்துவிட்டால் என்ன என்று எனக்கும் ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. கொண்டுவந்த பையைப் பிரித்து, எங்கள் வீட்டு வேரை அவர் கையில் வைத்தேன்.

"இது எங்க வீட்டு மரம் அண்ணி."

"எந்த மரம்?"

"பாப்பா கல்யாணத்துல தாம்பூலத்துல குடுத்தீங்களே, அது."

வேரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முடிச்சுகளைக் கட்டை விரலால் ஒவ்வொன்றாக அமுக்கினார். அப்படியே கூடை மேல் உட்கார்ந்துவிட்டார். லாரிக்காரர் அடுத்த கூடைக்குக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்பவே இருந்திச்சா?"

"இருந்திருக்கு."

"எல்லாருக்குமா குடுத்தோம்?"

அவர் அழுவார் என்று நினைத்தேன், திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டுக்கும் பயந்துகொண்டு நின்றேன்.

"என் புள்ளய வாழ்த்த வந்தவங்கம்மே. அவங்க வூட்டு மண்ணுல போயி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு லாரிக்காரரிடம், "எறக்குப்பா. எல்லாத்தையும் எறக்கு" என்றார். என் கணவரிடம், "அந்தக் கடப்பாரைய எட்த்துக்கினு வா" என்றார்.

தாம்பூலக் கன்று வாங்கிய வீடுகளில் அன்று மாலை முதலில் போனது எங்கள் பக்கத்து வீட்டுக்கு. எங்கள் சாவியை வைத்திருக்கிற அக்கா, மதுரைக்காரர். கடப்பாரையைக் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டுத்தான் அண்ணி உள்ளே வந்தார். அந்த அக்கா எங்களைப் பார்த்ததும் பின்பக்கம் ஓடிப் போய் ஒரு தட்டு நிறையக் கொய்யாப் பழத்தோடு வந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு. இது உங்க மரந்தேன். இது பூ வச்ச மாசந்தேன் எங்க மக உண்டானா. எத்தனை வருசம் கழிச்சு, உங்களுக்குத்தான் தெரியுமே. தெனமும் ஒரு செம்புத் தண்ணி ஊத்தி அது அடியில கும்புட்டுட்டுத்தேன் மறு வேலை. முதப் பழம் உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்தேன்."

அண்ணி என்னைப் பார்த்தார். எதற்கும் அசராத அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததில்லை. பழத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் வேரப் பாக்கணும்மா" என்றார்.

"தாராளமாப் பாருங்க. உங்க மரந்தானே" என்று அந்த அக்கா முன்னால் நடந்தார்.